ஆங்கில மரபுத்தொடர், பழமொழி: ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மூன்றாம் வகுப்பு வரை ஆங்கிலக் கதைகளைத் தடையில்லாமல் வாசித்த பிள்ளை, நான்காம் வகுப்பில் ஏதோ ஒரு வரியில் நின்றுவிடும். அந்த வரியில் தெரியாத சொல் ஒன்றுகூட இருக்காது. கதையில் ஒரு பையன் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, 'இட் வாஸ் எ பீஸ் ஆஃப் கேக்' என்பான். பீஸ் தெரியும், கேக் தெரியும். பரீட்சை எழுதியவன் எதற்காகக் கேக்கைப் பற்றிப் பேசுகிறான் என்பதுதான் புரியாது.

இந்த இடத்தில் பெற்றோர் பலரும் செய்வது, கடையில் 'ஐநூறு இடியம்ஸ்' என்று ஒரு புத்தகம் வாங்கி, தினம் பத்து என்று மனப்பாடம் செய்யச் சொல்வது. வாரக் கடைசியில் ஒப்பிக்கும்போது பிள்ளை சரியாகச் சொல்லும். அதே தொடர் ஒரு கதைக்குள் வந்தால் மறுபடியும் முழிக்கும். பட்டியலில் பார்த்த தொடருக்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை, சம்பவமும் இல்லை. அதனால் அது மனதில் ஒட்டுவதில்லை.

இதைவிட நல்ல வழி நம் கையிலேயே இருக்கிறது. தமிழ் பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, சொல் ஒன்று பொருள் வேறு என்ற சங்கதி ஏற்கெனவே பழக்கம். ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்பதை அதற்குக் காட்டிக்கொடுத்தால் போதும். உங்கள் ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் இதைச் செய்யலாம். நல்ல தமிழ் காதில் விழும் வீடாக இருந்தால் சரி.

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

பாடப்புத்தகத்தில் இடியம், ப்ரோவெர்ப், அடேஜ் என்று மூன்று பெயர்கள் வரும். அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் இதை அதிகம் பார்ப்பார்கள். 2010-ல் வெளியாகிப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட 'காமன் கோர்' பாடத்தரத்தில், நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த மூன்றையும் அடையாளம் கண்டு பொருள் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு முந்தைய படியாக, மூன்றாம் வகுப்பிலேயே நேர்ப்பொருளையும் நேர்ப்பொருள் அல்லாததையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இடியம் என்பது மரபுத்தொடர். பெரும்பாலும் அது முழு வாக்கியமாக இருக்காது. ஒரு வாக்கியத்துக்குள் போய் உட்காரும் துண்டு. 'போட்டு உடைத்துவிட்டான்', 'கை கழுவிவிட்டான்' என்பவை போல. ப்ரோவெர்ப் பழமொழி. அது தனியாக நிற்கும் முழு வாக்கியம். அதில் ஒரு புத்திமதி இருக்கும். 'லுக் பிஃபோர் யூ லீப்' என்றால் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே'.

அடேஜ் என்பதை முதுமொழி எனலாம். வெகுகாலமாக மக்கள் உண்மை என்று ஒப்புக்கொண்ட ஒரு கவனிப்பு. 'எது தப்பாகப் போக முடியுமோ அது தப்பாகத்தான் போகும்' என்ற மர்ஃபி விதியை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். 1949-ல் அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் நடந்த சோதனைகளில் பணியாற்றிய எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளரின் பெயரால் வழங்குவது அது. நம் 'பட்ட காலிலே படும்' ஏறக்குறைய இதே கவனிப்புதான். பழமொழிக்கும் முதுமொழிக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது. அகராதிகளே ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகக் கொடுக்கின்றன. அதனால் பிள்ளையைப் போட்டு வதைக்காதீர்கள். துண்டா, முழு வாக்கியமா என்று பார்க்கத் தெரிந்தால் பள்ளிப் பயிற்சித்தாள்களில் பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும்.

தமிழில் தொடங்குங்கள்

முதல் நாள் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். சாப்பிட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள்: 'தாத்தாவுக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு பாட்டி சொல்றாங்களே, கோபம் மூக்குலயா இருக்கு?' பிள்ளை சிரிக்கும். 'அப்படின்னா சட்டுனு கோபம் வரும்னு அர்த்தம்' என்று தானே சொல்லும். அடுத்து, 'அந்தக் கடையில எல்லாமே யானை விலை குதிரை விலைன்னு அப்பா சொன்னாரே, அங்க யானை விக்கிறாங்களா?' இப்படி நாலைந்து கேட்டுவிட்டு, 'இங்கிலீஷ்லயும் இதே மாதிரி பேசுவாங்க' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

மறுநாள் அதே யானை விலை குதிரை விலையை எடுத்து, ஆங்கிலத்தில் அதற்கு 'இட் காஸ்ட் அன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்பார்கள், ஒரு கையையும் காலையும் கொடுத்து வாங்க வேண்டிய அளவுக்கு விலை, என்று சொல்லுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் பிள்ளையின் கவனம் முழுவதும் அந்தப் புதுத் தொடரின் மேல் இருக்கும்.

தொடக்கத்தில் இரண்டு மொழியிலும் படம் ஒத்துப்போகிறவற்றை எடுப்பது நல்லது. 'ஆன் தி டிப் ஆஃப் மை டங்' என்பது நாம் சொல்லும் 'நாக்கு நுனியில இருக்கு, வர மாட்டேங்குது' என்பதேதான். 'ஆட் ஃபியூயல் டு தி ஃபயர்' எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது. 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் இட்' கை கழுவுவது. 'கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்' ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவர்கள் கல் பறவைகளை அடிக்கிறது, நம் கல் மாங்காயை. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிள்ளைகள் மிகவும் ரசிப்பார்கள். எனக்கும் நம் மாங்காய்தான் பிடிக்கும்.

அடுத்த கட்டம், பொருள் ஒன்றாகவும் படம் வேறாகவும் இருப்பவை. முதலில் பார்த்த 'பீஸ் ஆஃப் கேக்' இந்த வகை. மிகச் சுலபமான வேலைக்கு நாம் 'அல்வா சாப்பிடுற மாதிரி' என்கிறோம், அவர்கள் கேக் என்கிறார்கள். இங்கே இன்னொரு விஷயத்தையும் காட்டலாம். 'அல்வா கொடுத்துட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான் என்று பிள்ளைக்குத் தெரியும். அதே அல்வா, பக்கத்துச் சொல் மாறியதும் பொருள் தலைகீழ். மரபுத்தொடரில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பொருள் ஊகிக்கக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆங்கில உதாரணமும் காட்டாது.

'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' எப்போதாவது ஒரு தரம் நடப்பது. நமக்கு அது 'அத்தி பூத்தாற்போல'. 'லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்', 'ஸ்பில் தி பீன்ஸ்' இரண்டுமே ரகசியத்தைப் போட்டு உடைப்பது.

நம் ஊர் வாழ்க்கையில் இல்லாத காட்சி வரும்போது மட்டும் கொஞ்சம் நின்று விளக்குங்கள். 'பிரேக் தி ஐஸ்' என்றால் முன்பின் தெரியாதவர்கள் நடுவே இருக்கும் தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்குவது. குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் ஆறே உறைந்துவிடும், பனிக்கட்டியை உடைத்தால்தான் படகு நகரும். இதைச் சொல்லாவிட்டால், பிள்ளை ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸ் கட்டியை நினைத்துக்கொண்டு குழம்பும்.

கதையில் ஒரு தொடர் வந்தால் என்ன செய்வது?

ஒரு சின்னக் கதையை வைத்துப் பார்ப்போம். அக்காவின் பிறந்தநாளுக்கு அவளுக்குத் தெரியாமல் வீட்டார் எல்லோரும் ஒரு விருந்து ஏற்பாடு செய்கிறார்கள். தம்பி ரவியிடம் 'வாயைத் திறக்காதே' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்று மாலை அக்கா வீட்டுக்குள் நுழைகிறாள். அடுத்த வரி: 'ரவி ஸ்பில்ட் தி பீன்ஸ்.' அதற்கடுத்த வரியில், 'எனக்கு விருந்தா!' என்று அக்கா குதிக்கிறாள்.

முதல் கேள்வி: நேர்ப்பொருள் இங்கே பொருந்துகிறதா? ரவி பீன்ஸைக் கொட்டினான் என்று வைத்தால், கதையில் பீன்ஸ் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. கொட்டியதற்காக யாராவது திட்டினார்களா? இல்லை. அப்படியானால் இதற்குள் வேறு பொருள் இருக்கிறது. இந்தச் சந்தேகம் வருவதுதான் முக்கியமான படி. 'இது சரியில்லையே, ஏதோ இருக்கிறது' என்று பிள்ளை தானாகச் சொல்லத் தொடங்கிவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

இரண்டாவது, முன்னால் இரண்டு வரி, பின்னால் இரண்டு வரி திரும்ப வாசிப்பது. முன்னால் ரகசியம் இருந்தது. பின்னால் அக்காவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்திருக்க வேண்டும்? பிள்ளையே சொல்லும்: 'சொல்லிட்டான்!'

மூன்றாவது, ஊகித்த பொருளை அந்த இடத்தில் வைத்து வாக்கியத்தை மறுபடி வாசித்துப் பார்ப்பது. 'ரவி ரகசியத்தைச் சொல்லிவிட்டான்' என்று போட்டால் கதை ஓடுகிறதா? ஓடுகிறது. பிறகுதான் அகராதி. ஊகிக்கும் முன்பே அகராதியை எடுத்துக்கொடுத்தால், பிள்ளைக்குக் கதையை உன்னிப்பாகப் படிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

அகராதியில் தேடவும் பழக்க வேண்டும். 'ஸ்பில் தி பீன்ஸ்' என்று முழுத்தொடராக அச்சு அகராதியில் வரிசைப்படி தேடினால் கிடைக்காமல் போகலாம். தொடரில் உள்ள முக்கியமான சொல்லுக்குப் போய், அந்தச் சொல்லின் எல்லாப் பொருள்களும் முடிந்த பிறகு கடைசியில் 'இடியம்ஸ்' என்ற பகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாணவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளில் இப்படித்தான் தனியாகப் பிரித்திருப்பார்கள். ஸ்பில்லில் இல்லையா, பீன்ஸில் பாருங்கள்.

தமிழ் ஜோடி காலை வாரும் இடம்

தமிழை வைத்துச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்து, பொருளில் எங்கோ போய்விடும் தொடர்கள் சில இருக்கின்றன.

நான் மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் நாலாவது படிக்கும் ஒரு சிறுமி, ஒரு கதையை வாசித்துக்கொண்டிருந்தாள். கதையில் வரும் ஒரு பெண்ணிடம் அவள் மாமா, 'உன் பூனை பேசுகிறது, நான் கேட்டேன்' என்கிறார். அந்தப் பெண் பூனையிடம் ஓடிப் போய்க் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்து, 'யூ ஆர் புல்லிங் மை லெக்!' என்கிறாள். மாமா சிரிக்கிறார்.

'இதுக்கு என்னம்மா அர்த்தம்?' என்றேன்.

'மாமா காலை வாரிவிட்டுட்டாரு மிஸ்.'

'அப்படின்னா?'

'நம்ப வெச்சு ஏமாத்திட்டாரு. கெட்டவரு.'

'அப்போ அடுத்த வரியில ரெண்டு பேரும் சேர்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடப் போறாங்களே?'

கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்தாள். 'கோபமே வரலையே மிஸ் அவளுக்கு' என்றாள். பிறகு, 'சும்மா விளையாட்டுக்குச் சொன்னாரா?' என்று கேட்டாள்.

அதேதான். தமிழில் காலை வாருவது துரோகம், நம்பியவரைக் கவிழ்ப்பது. ஆங்கிலத்தில் காலை இழுப்பது வேடிக்கைக்காகப் பொய் சொல்லிச் சீண்டுவது. நம்மிடம் இருப்பதில் அதற்கு நெருக்கமானது, 'சும்மா கலாய்க்கிறார்', 'காது குத்துகிறார்'. அந்தச் சிறுமி சரியான பொருளுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், கதையின் அடுத்த வரியை மறுபடி பார்த்ததுதான். தமிழில் ஜோடி கிடைத்த பிறகும் மூன்றாவது படியை, அதாவது பொருளைப் போட்டு வாசித்துப் பார்ப்பதை, விடக் கூடாது.

இதே மாதிரி இன்னும் சில. 'என் தலையைத் தின்னாதே' என்றால் நச்சரிக்காதே என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஹீ பிட் மை ஹெட் ஆஃப்' என்று வரும். தலையைக் கடித்துவிட்டான் என்பது அங்கே எரிந்து விழுந்தான் என்ற பொருளில். 'கீப் அன் ஐ ஆன் தி பேபி' என்றால் குழந்தையின் மேல் ஒரு கண் வைத்துக்கொள், பார்த்துக்கொள். 'குழந்தைக்குக் கண் வைத்துவிட்டார்கள்' என்பதோ திருஷ்டி. 'பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்' என்பதை 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதி சரி. நம் புளி முழுக்க முழுக்கப் பயம். அவர்களுடைய பட்டாம்பூச்சியில் பயத்தோடு ஆவலும் கலந்திருக்கலாம். மேடையில் பாடப் போகும் முன் வருவது பட்டாம்பூச்சி, பிராக்ரஸ் கார்டில் கையெழுத்து வாங்கும் முன் வருவது புளி என்று பிரித்துச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

தமிழ்த் தொடரை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்துப் பிள்ளை எழுதினால், உடனே சிவப்பு மையால் அடிக்காதீர்கள். 'ஹிஸ் ஹேண்ட் இஸ் லாங்' என்று எழுதியிருந்தால், கை நீளம் என்பதைத்தான் எழுதியிருக்கிறது. மரபுத்தொடர் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரிகிறது. 'இங்கிலீஷ்காரங்க இதைச் சொல்ல ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்னு சொல்வாங்க, விரல்ல பசை இருக்கிற மாதிரி' என்று பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

சொல் மாறக் கூடாது, காலம் மாறலாம்

மரபுத்தொடரைப் பயன்படுத்தும்போது பிள்ளைகள் தவறுவது இலக்கணத்தில். வினையின் காலத்தை மாற்றலாம்: ஸ்பில், ஸ்பில்ட். யாருடைய கால் என்பதை மாற்றலாம்: மை லெக், ஹிஸ் லெக். ஆனால் பீன்ஸை ஒருமையாக்கி 'பீன்' என்று எழுதினால் தொடர் செத்துவிடும். 'பீஸ் ஆஃப் கேக்' என்பதற்குப் பதில் 'ஸ்லைஸ் ஆஃப் கேக்' என்றால் அது வெறும் கேக்தான். பழமொழியில் பொதுவாக எதையும் தொடக் கூடாது. காலம் உட்பட அப்படியே சொல்ல வேண்டும். இதை விதியாகச் சொல்வதைவிட, 'ஒரே கல்லில் மூன்று கொய்யா' என்று சொல்லிக் காட்டுங்கள். காதுக்கே தெரிந்துவிடும்.

பழமொழிகளைக் கையால் செய்து காட்டுங்கள்

பழமொழிகளில் பிள்ளைகளுக்குப் பெரும் சிக்கல், பாதிச் சொற்கள் விடுபட்டிருப்பது. 'எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நைன் என்றால் ஒன்பது என்ன? ஒன்பது மணியா, ஒன்பது ரூபாயா? ஒன்பது தையல் என்று அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. கேட்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு பழைய சட்டையும் ஊசி நூலும் போதும். அக்குள் பக்கத் தையலில் சின்னதாக ஒரு பிரிவு உண்டாக்குங்கள். 'இதைத் தைக்க எத்தனை தையல் வேணும்?' ஒன்றிரண்டு. தைக்காமல் பிள்ளையிடம் கொடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். நூல் சரசரவென்று பிரிந்துகொண்டே போகும். இப்போது தைக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து எண்ணுங்கள். சரியாக ஒன்பது வர வேண்டியதில்லை. பெருகுகிறது என்பது விரலுக்குத் தெரிந்தால் போதும். பிறகு, வீட்டில் சொட்டும் குழாய், எழுதாமல் சேர்த்து வைத்த வீட்டுப்பாடம் என்று பிள்ளையே உதாரணம் தேடும்.

இதே கருத்தை வள்ளுவர் 'இளைதாக முள்மரம் கொல்க' என்று 879-ஆம் குறளில் சொல்கிறார். முள்மரம் கன்றாக இருக்கும்போதே வெட்டு, முற்றினால் வெட்டுகிறவன் கையையே அது குத்தும். குறளில் பேச்சு பகையைப் பற்றி. தையல் எந்த வேலைக்கும் பொருந்தும். வளர்ந்த பிள்ளைகளிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் கேட்கலாம்.

'டோன்ட் ஜட்ஜ் எ புக் பை இட்ஸ் கவர்', அட்டையைப் பார்த்துப் புத்தகத்தை எடை போடாதே, என்பதற்கு இன்னும் அழகான ஜோடி இருக்கிறது: 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும்.' 667-ஆம் குறள். உருண்டு போகும் பெருந்தேருக்குச் சின்ன அச்சாணிதான் ஆதாரம் என்று தேரைக் காட்டுகிறார். தேரோட்டம் பார்த்த பிள்ளைக்கு அட்டையைவிட அச்சாணி நன்றாகப் பதியும்.

எளிதில் கிடைக்கும் ஜோடிகள் வேறு நிறைய. 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர் ஃப்ளாக் டுகெதர்' என்பது இனம் இனத்தோடு சேரும். 'எம்ப்டி வெசல்ஸ் மேக் தி மோஸ்ட் நாய்ஸ்' குறைகுடம் கூத்தாடும். 'பார்க்கிங் டாக்ஸ் செல்டம் பைட்' குரைக்கிற நாய் கடிக்காது. 'வென் தி கேட்ஸ் அவே, தி மைஸ் வில் ப்ளே' பூனை இல்லாத வீட்டில் எலிக்குக் கொண்டாட்டம். 'டோன்ட் கவுண்ட் யுவர் சிக்கன்ஸ் பிஃபோர் தே ஹேட்ச்', பொரிக்காத முட்டைக்குக் குஞ்சு எண்ணாதே, நம் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பது. ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் ஆங்கிலம் என்று அட்டைகள் வெட்டி ஜோடி சேர்க்கும் விளையாட்டாக இவற்றை விளையாடலாம். பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். பிள்ளை ஆங்கிலப் பழமொழியின் பொருளைத் தமிழில் விளக்கட்டும், பெரியவர்கள் அதற்குத் தமிழ்ப் பழமொழி தேடட்டும். பல வீடுகளில் பிள்ளையின் ஆங்கிலப் பாடத்தில் பாட்டிக்கு இடமே இருப்பதில்லை. இந்த ஒரு பாடத்தில் அவரே முதல் ஆசிரியர்.

ஒன்றுக்கொன்று முரணான பழமொழிகளையும் மறைக்காமல் காட்டுங்கள். 'டூ மெனி குக்ஸ் ஸ்பாயில் தி ப்ராத்' என்றால் சமையலுக்கு ஆள் கூடினால் குழம்பு கெடும். 'மெனி ஹேண்ட்ஸ் மேக் லைட் வர்க்' என்றால் பல கை சேர்ந்தால் வேலை சுலபம். எது சரி? இரண்டும் சரி, எந்த இடம் என்று பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் பல கை வேண்டும். ரசத்துக்கு உப்புப் போட ஒரு கை போதும். இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, பழமொழியைக் கட்டுரையில் பொருந்தாத இடத்தில் திணிக்காது.

பிறந்த கதைகளில் கவனம்

தொடர் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இணையத்தில் கிடைக்கும் கதைகள் பலவும் பின்னால் கட்டியவை. 'இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதற்கு, பழைய இங்கிலாந்தில் கூரை வைக்கோலில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழும் என்று ஒரு கதை சுற்றுகிறது. 1999 வாக்கில் மின்னஞ்சலில் பரவிய கதை அது, ஆதாரம் கிடையாது. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738-ல் வெளியிட்ட உரையாடல் நூலில் இந்தத் தொடர் இருக்கிறது என்பது உறுதி, உண்மையான பிறப்புக் கதை யாருக்கும் தெரியாது. பிள்ளையிடமும் அப்படியே சொல்லலாம். இன்னொன்றும் சொல்லுங்கள்: பாடப்புத்தகங்களில் இந்தத் தொடருக்கு இருக்கும் இடம் இன்றைய பேச்சில் இல்லை. மழை கொட்டினால் 'இட்ஸ் போரிங்' என்று சொல்வதே அதிகம். அதில் வருவது 'ஊற்றுகிறது' என்னும் சொல். காதில் விழுவதை வைத்துச் சலிப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நீல நிலாவும் இப்படித்தான். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை ப்ளூ மூன் என்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 31-ல் வந்தது. சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை வரும். நிலா நீலமாக இருக்காது. அந்தப் பௌர்ணமிக்கு அந்தப் பெயர் பரவியது 20-ஆம் நூற்றாண்டில்; அபூர்வம் என்ற பொருளில் தொடர் அதற்கு முன்பே இருந்தது. 'எர்லி டு பெட் அண்ட் எர்லி டு ரைஸ்' பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் எழுதியது என்று பல பயிற்சித்தாள்களில் இருக்கும். அவர் அதைத் தன் பஞ்சாங்கத்தில் 1735-ல் போட்டுப் பிரபலமாக்கினார். இங்கிலாந்தில் அதற்கு முன்பே வழங்கிய பழமொழி அது.

யாரிடம் பேசுகிறோம், எந்த நாட்டில் இருக்கிறோம்

'கிக் தி பக்கெட்' என்றால் இறப்பது என்று பட்டியல்களில் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கதையில் வந்து கேட்டால், 'மண்டையைப் போட்டுட்டார்' என்பது போன்ற பேச்சு, துக்க வீட்டில் சொல்லக் கூடாது என்று சேர்த்தே சொல்லுங்கள். ஒரு தொடரின் பொருளோடு அதன் மரியாதையும் தெரிய வேண்டும். ஆசிரியருக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் 'ஃபீலிங் அண்டர் தி வெதர்', உடம்பு சரியில்லை, என்று எழுதலாம், தவறில்லை. 'ஹோல்டு யுவர் ஹார்சஸ்', கொஞ்சம் பொறு, என்பதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லக் கூடாது.

நாடு மாறினால் சில தொடர்கள் உடை மாறும். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எழும் ஆர்ப்பாட்டத்தை இங்கிலாந்தில் 'ஸ்டார்ம் இன் எ டீகப்' என்பார்கள், அமெரிக்காவில் 'டெம்பெஸ்ட் இன் எ டீபாட்'. செடி வைத்தால் துளிர்க்கும் கைராசிக்காரருக்கு இங்கிலாந்தில் 'க்ரீன் ஃபிங்கர்ஸ்', அமெரிக்காவில் 'க்ரீன் தம்ப்'. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பதை ஒரு ஊரில் கடலில் ஒரு துளி என்பார்கள், இன்னொரு ஊரில் வாளியில் ஒரு துளி. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் இலங்கையிலும் பெரும்பாலும் பிரிட்டிஷ் வடிவம் வரும். அமெரிக்கப் பள்ளிக்குப் புதிதாகப் போகும் பிள்ளை அங்கே பேஸ்பால் தொடர்களில் திணறும். 'ஸ்டெப் அப் டு தி ப்ளேட்' என்றால் முன்வந்து பொறுப்பை ஏற்பது. ப்ளேட் என்பது சாப்பாட்டுத் தட்டு அல்ல, மட்டையாளர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த வெள்ளைத் தகடு. கிரிக்கெட் தெரிந்த பிள்ளையிடம் 'க்ரீஸுக்கு வந்து பேட் பிடிக்கிற மாதிரி' என்றால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

ஒரு நோட்டு

வாரத்துக்கு மூன்று தொடர், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் அரைப் பக்கம். மேலே ஆங்கிலத் தொடர். அதன் கீழே நேர்ப்பொருளுக்கு ஒரு படம், பீன்ஸ் கொட்டிக் கிடப்பது போல. பக்கத்தில் உண்மைப் பொருள், பிள்ளையின் சொந்த வார்த்தையில். பிறகு தமிழ் ஜோடி. தமிழ் ஜோடி கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். வலிந்து பொருத்தினால் கால் வாரும் கதைதான் நடக்கும். ஊருக்குப் பேசும்போது அத்தையிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். கடைசியில் ஒரு வாக்கியம். அது உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். 'மை பிரதர் ஸ்பில்ட் தி பீன்ஸ் அபௌட் மை பர்த்டே கிஃப்ட்' என்று தன் வீட்டில் நடந்ததை எழுதிய பிள்ளை அந்தத் தொடரை மறக்காது.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை பழைய பக்கங்களைப் புரட்டி, படத்தை மட்டும் காட்டித் தொடரைச் சொல்லச் சொல்லுங்கள். வராததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அது இன்னொரு கதையில் மறுபடியும் வரும். அப்போது அந்தப் பக்கத்தில் இரண்டாவது வாக்கியத்தை எழுதச் சொன்னால் போதும்.